பலாலி – சென்னை ஏ.ரி.ஆர். சேவை: குலுக்கத்தையும் ஐஸையும் வைத்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க நினைக்கிறவர்கள் கட்டணம், பொதி நிறை, நேரம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகு கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "காற்றாடி வைச்ச அந்தப் பிளேன் பயமில்லையோ?" கேள்வி நியாயமானது. மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தத் தூரத்துக்கும் இந்த ஓடுபாதைக்கும் ஏற்ற விமானம் இதுதான். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை மட்டும் கொஞ்சம் யோசித்து ரிக்கெற் போட வேண்டும். சேவை நல்லதா கெட்டதா என்பதை நேரம் தவறாமையை வைத்து அளக்கவே கூடாது. ஏன் என்பதற்குத்தான் இந்த நீளமான மதிப்பீடு.

பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட 2019 ஒக்ரோபர் 17 அன்று வந்திறங்கிய அலையன்ஸ் ஏயார் விமானம் ஏ.ரி.ஆர். 72-600 என்ற இரட்டை விசிறி என்ஜின் ரகம். கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியபோதும் அதே ரகம். 2024 செப்ரெம்பர் 1 இல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 இல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ தொடங்கியதும் அதே ரகத்தில்தான். காரணம் எளிது. முழு நிறையோடு கிளம்ப ஏறத்தாழ 1,300 மீற்றர் ஓடுபாதை இதற்குப் போதும். சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் 360 கிலோமீற்றருக்கும் குறைவு. இந்தத் தூரத்துக்கு ஜெட் விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

பலாலியில் விமானத்துக்கு நடந்துதான் போக வேண்டும், ஏறும் கதவு இடப்பக்கம் பின்னால் இருக்கிறது. அந்த நடையில் இறக்கையின் முன்விளிம்பை ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். நீளக் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். றப்பரால் ஆனது, உள்ளே காற்றறைகள் இருக்கின்றன. ஐஸ் படிந்தால் என்ஜினிலிருந்து வரும் அழுத்தக் காற்று அந்த அறைகளை ஊதி உப்ப வைக்கும், மேலே படிந்த ஐஸ் வெடித்துப் பறக்கும். கடுங்குளிர் இல்லாத இடங்களில் 60 செக்கனுக்கு ஒரு சுற்று, வெளிவெப்பம் மிகக் குறைந்தால் 240 செக்கனுக்கு ஒரு சுற்று. வால் இறக்கையிலும் என்ஜின் வாயிலும் இதே ஏற்பாடு. விசிறி அலகுகள், முன்கண்ணாடி, வேகம் அளக்கும் குழாய்கள் ஆகியவற்றை மின்சாரம் சூடாக்குகிறது. பெரிய ஜெட் விமானங்கள் இறக்கை விளிம்பை என்ஜினின் சூடான காற்றால் காய்ச்சுகின்றன. ஏ.ரி.ஆர். போன்ற விசிறி விமானத்தின் என்ஜினில் அவ்வளவு சூட்டுக் காற்றை எடுக்க இடமில்லை. ஆகவே இங்கே ஐஸைப் படிய விட்டுப் பிறகு உடைக்க வேண்டும். இந்த விமானத்தின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வெயில் கொளுத்தும் யாழ்ப்பாணத்தில் ஐஸ் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கலாம். நம் வானத்தில் வெப்பம் பூச்சியத்தைத் தொடுவது ஏறத்தாழ 16,000 அடியில். ஏ.ரி.ஆர். ஏறக்கூடிய உச்சம் 25,000 அடி. இந்தக் குறுகிய பயணத்தில் அதன் பாதிக்குச் சற்று மேலே பறந்தாலே போதும். அதாவது விமானம் உறைநிலைக் கோட்டுக்குக் கீழே நின்றுகொள்ளலாம், விரும்பினால் மேலேயும் போகலாம். முகிலுக்குள் இருக்கும் நீர்த்துளி பூச்சியத்துக்குக் கீழே போனவுடன் கட்டியாவதில்லை. கழித்தல் 15, 20 பாகை வரையிலும் திரவமாகவே மிதக்கும். விமானம் வந்து இடிக்கும் கணத்தில்தான் இறக்கையில் ஒட்டி உறையும். சிறிய துளியானால் முன்விளிம்பிலேயே வெள்ளையாகச் சொரசொரத்து நிற்கும், றப்பர் பட்டை அதை உடைத்துவிடும். பெரிய துளியானால் உறைவதற்குள் பின்னோக்கி வழிந்து, பட்டை முடிகிற இடத்துக்கு அப்பால் வரம்பு கட்டிவிடும். அங்கே அதை உடைக்க எதுவும் இல்லை.

அந்த வரம்பு என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்தது 1994 ஒக்ரோபர் 31 இல். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரோஸ்லோனுக்கு மேலே, சிகாகோவில் இறங்க முறை வரும்வரை ஓர் ஏ.ரி.ஆர். 72 விமானம் 10,000 அடியில் வட்டமிட்டுக் கொண்டிருந்தது. குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க உதவும் இறக்கையின் பின்மடிப்பை 15 பாகை இறக்கி வைத்திருந்தார்கள். தானியங்கி விமானி இயங்கியது. பெருந்துளி மழை இறக்கையில் பட்டைக்குப் பின்னால், விமானத்தைப் பக்கம் சாய்க்கும் சாய்வுத் துடுப்புகளுக்கு முன்னால் வரம்பு கட்டியது. மடிப்பை உள்ளே எடுத்ததும் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடிற்று. வரம்புக்குப் பின்னால் காற்றோட்டம் பிய்ந்து, சாய்வுத் துடுப்பைத் தானாகவே ஒரு பக்கம் இழுத்தது. தானியங்கி கைவிட்டது, விமானம் புரண்டது. இருந்த 68 பேரும் மாண்டார்கள். அதன் பிறகு இந்த ரகம் முழுவதிலும் இறக்கை வெளிப்பகுதியின் றப்பர் பட்டை பின்னோக்கி அகலமாக்கப்பட்டது. ஐஸ் படியும்போது மடிப்பை இறக்கி வைத்துக்கொண்டு வட்டமிடுவது தடை செய்யப்பட்டது. விமானிகளுக்குப் புதிதாக ஓர் அடையாளம் சொல்லிக் கொடுக்கப்பட்டது: பக்கத்து யன்னலில் ஐஸ் ஏறினால் அது கடும் ஐஸ், அந்த இடத்தை விட்டு உடனே வெளியேற வேண்டும்.

குளிர்நாட்டு விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2002 டிசம்பர் 21 இல் தாய்வானிலிருந்து மக்காவ் போன சரக்கு ஏ.ரி.ஆர். கடும் ஐஸில் கடலில் விழுந்தது. 2010 நவம்பர் 4 இல் கியூபாவில் விழுந்ததில் 68 பேர் இறந்தார்கள். கியூபாவும் நம்மைப் போலப் பனையும் கரும்பும் விளையும் வெப்பத்தீவு. 2024 ஓகஸ்ற் 9 இல் பிரேசிலின் வின்யேதோவில் 17,000 அடியிலிருந்து சுழன்று விழுந்த ஏ.ரி.ஆர். 72-500 இல் 62 பேர். வேகம் குறைகிறது, செயல்திறன் மங்குகிறது, வேகத்தைக் கூட்டு என்று மூன்று படியாக விமானம் எச்சரித்திருந்ததை முதற்கட்ட விசாரணை அறிக்கை காட்டியது. பலாலிக்கு இண்டிகோ சேவை தொடங்கியது அதற்கு மூன்று வாரங்களும் இரண்டு நாட்களும் கழித்து. இந்தத் திகதிகளைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. விமானம் எச்சரிக்கிறது, வழிமுறையும் எழுதப்பட்டு இருக்கிறது, அதை எவ்வளவு விரைவில் செய்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது என்பதற்காக.

அந்த வழிமுறை இதுதான். முகில், மழை போல ஈரம் கண்ணுக்குத் தெரிந்து, வெளி வெப்பமானி 7 பாகையோ அதற்குக் கீழோ காட்டினால் ஐஸ் எதிர்ப்பு இயங்க வேண்டும். பூச்சியம் வரும்வரை காத்திருக்காமல் 7 என்று ஏன் வைத்தார்கள் என்றால், காற்றை இடித்துக்கொண்டு பறக்கும்போது உணரியில் படும் வெப்பம் உண்மையை விடக் கூடுதலாகத் தெரியும். முதலில் விசிறி அலகுச் சூடும் துடுப்புமுனைச் சூடும். இடப்பக்க யன்னலுக்கு வெளியே துருத்தி நிற்கும் ஒரு சிறு முளையில் ஐஸ் தெரிந்தாலோ, இடது இறக்கையின் அடியில் உள்ள உணரி விளக்கைக் கொளுத்தினாலோ றப்பர் பட்டைகளை ஊதத் தொடங்க வேண்டும். ஐஸுக்கென்று தனியாக வகுத்த குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. கடும் ஐஸ் என்று தெரிந்தால் அந்த வேகத்தோடு இன்னும் 10 நொட் (மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர்) கூட்டி, என்ஜினின் தொடர் உச்ச வலுவைக் கொடுத்து, தானியங்கியை விலக்கிக் கையால் இறுகப் பிடித்து, உயரத்தையோ பாதையையோ மாற்ற வேண்டும். தானியங்கியை விலக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது உயரத்தைப் பிடித்து வைப்பதற்காக மூக்கை மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே போகும், வேகம் கரைவதை மனிதக் கைக்கு உணர்த்தாமல் மறைத்துவிடும்.

நம் பாதையில் இவை எல்லாவற்றையும் விட எளிய மருந்து ஒன்று இருக்கிறது: கீழே இறங்குவது. 16,000 அடிக்குக் கீழே ஐஸ் உருகிவிடும், பாக்குநீரிணைக்கு மேலே மலை கிடையாது. அன்டீஸ் மலைக்கோ இமயத்துக்கோ பக்கத்தில் பறக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஐஸைப் பொறுத்தவரை பலாலி – சென்னைப் பாதைக்கு நான் நல்ல புள்ளி கொடுப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

குலுக்கத்தில் அந்த அளவு தாராளமாகப் புள்ளி போட முடியாது. ஏ.ரி.ஆர். 72-600 இன் உச்ச நிறை 23,000 கிலோ, இறக்கைப் பரப்பு 61 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் இறக்கை தாங்குவது ஏறத்தாழ 377 கிலோ. எயார்பஸ் ஏ320 இல் அது 630 கிலோவுக்கும் மேலே. இறக்கைக்குச் சுமை குறைய, காற்று கீழிருந்து தள்ளும்போது விமானம் கூடுதலாக எகிறும். ஏ.ரி.ஆர். இன் வேகம் குறைவு என்பது இதைக் கொஞ்சம் ஈடுசெய்யும். ஆனால் அது பறக்கும் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஜெட் விமானங்களின் உயரத்தில் உள்ளதை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெயிலால் எழும் குமிழ்க் காற்றும் கோடைமுகிலும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஜெட் விமானத்தில் பழகியவருக்கு இது கூடக் குலுங்கும். அது கோளாறின் அறிகுறி இல்லை.

இறக்கை முறியுமோ என்ற பயத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன். பயணிகள் விமானத்தின் உடற்கட்டு புவியீர்ப்பின் 2.5 மடங்குச் சுமையைச் சேதமின்றித் தாங்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்றரை மடங்கு வரை முறியாமல் நிற்க வேண்டும். 2024 மே 21 இல் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் போன போயிங் 777, மியன்மாருக்கு மேலே 37,000 அடியில் சிக்கிய குலுக்கத்தில் நேர் 1.35 இலிருந்து எதிர் 1.5 மடங்குக்கு 0.6 செக்கனில் மாறி, மீண்டும் நேர் 1.5 க்கு வந்தது. 4.6 செக்கனில் இறங்கிய உயரம் 178 அடி, அவ்வளவுதான். விமானம் பாங்கொக்கில் ஒழுங்காக இறங்கியது. ஆனால் ஒருவர் இறந்தார், பலர் தலையும் முள்ளந்தண்டும் அடிபட்டுக் கிடந்தார்கள். எதிர் 1.5 மடங்கு என்றால் பெல்ற் போடாத உடம்பு கூரைக்குப் போய்விடும். குலுக்கத்தில் மனிதரை அடிப்பது பெரும்பாலும் விமானத்தின் உட்பக்கம்.

விமானத்தையே உடைத்த குலுக்கங்களும் உண்டு. 1966 மார்ச் 5 இல் ஃபூஜி மலைக்குப் பக்கத்தில் ஒரு போயிங் 707, மலையைத் தாண்டி அலையலையாகப் புரளும் காற்றில் வானத்திலேயே சிதறி 124 பேர் இறந்தார்கள். அது மலை செய்த வேலை. நம் பாதையில் அதற்குச் சமமானது இடிமுகிலின் வயிறு ஒன்றுதான். அதற்குள் மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். கடும் இடிமுகிலிலிருந்து குறைந்தது 20 மைல் விலகிப் போக வேண்டும் என்பது உலகெங்கும் விமானிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. மூக்கில் இருக்கும் றேடார் மழைத்துளியை நன்றாகக் காட்டும், உலர்ந்த ஐஸ் துகளைச் சரியாகக் காட்டாது. ஆகவே திரையில் பச்சையாக, அதாவது மழை குறைவென்று தெரிகிற முகிலின் மேற்பகுதியை நம்பித் தாண்டிப் போவதும் தவறு.

இனித்தான் இந்த மதிப்பீட்டின் மையம். குலுக்கத்துக்குள் போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏ.ரி.ஆர். 72 இல் அதற்கான அளவு 180 நொட். ஐஸுக்குள் போனால் வேகத்தைக் கூட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் விமானிக்கு மிஞ்சும் இடைவெளி மிகக் குறுகியது, நிறை கூடிய விமானத்தில் இன்னும் குறுகியது. ஒரே முகிலுக்குள் இரண்டும் இருப்பது நம் மாரிகால வானத்தில் அபூர்வமும் இல்லை. அந்த நெருக்கடிக்கு ஒரே நல்ல விடை உள்ளே போகாமல் இருப்பதுதான்: கிளம்பாமல் காத்திருப்பது, சுற்றிப் போவது, திரும்பி வருவது. எனவே பலாலிச் சேவை நவம்பரில் இரண்டு மணிநேரம் தாமதித்தாலோ, ஓடுபாதைக்கு மேலே வந்து மீண்டும் எழும்பிப் போனாலோ, சென்னைக்கே திரும்பினாலோ, அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்யும் சேவைக்குத்தான் நட்சத்திரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கவுன்ரரில் நின்று ஊழியரைத் திட்டுவது, மறைமுகமாக விமானியைத்தான் அவசரப்படுத்துகிறது.

காலத்தைப் பற்றி. பலாலி ஓடுபாதை 05/23 திசையில் கிடக்கிறது, அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். வாடைக்காற்றும் சோளகமும் வரும் திசைகளும் அவையே. ஆண்டில் பெரும்பகுதி காற்று ஓடுபாதைக்கு நேராகவே வீசும், பக்கக் காற்றின் தொல்லை குறைவு. இதைவிட நல்ல கிடை நமக்கு அமையாது. சோளகக் காலத்தில், மே முடிவு தொடக்கம் செப்ரெம்பர் வரை, வானம் பெரும்பாலும் வெளிப்பாக இருக்கும். ஐஸ் பேச்சே இல்லை, ஆனால் நிலத்தைத் தேய்த்து வரும் காற்றால் கடைசி ஆயிரம் அடியில் தடதடக்கும். பகல் ஏற ஏறக் கரையைக் கடக்கும் இடத்தில் ஒரு தூக்கல் இருக்கும், கடலின் குளிர்ந்த காற்றும் செம்மண்ணின் சூட்டுக் காற்றும் சந்திப்பதால். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேரத்து இடிமுகில் தனித்தனித் தூணாக எழும், அதைச் சுற்றிப் போவது எளிது. காலை விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். நவம்பர் வேறு. தாழமுக்கம் வங்காள விரிகுடாவில் நிற்கும்போது முகில் அடுக்கடுக்காகப் பரந்து மூடிவிடும். தனி இடிமுகிலைக் குறுக்கே கடக்க ஒன்றிரண்டு நிமிடம், அடுக்கு முகிலுக்குள் ஓடினால் அதிக நேரம் ஐஸ் சேரும். குலுக்கம் குறைவாக இருப்பதால் பயணிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஆடாமல் போகிற நாளைப் பாதுகாப்பான நாள் என்றும், ஆடுகிற நாளை ஆபத்தான நாள் என்றும் எண்ண வேண்டாம். நவம்பர், டிசம்பரில் சென்னையிலிருந்து இலண்டனுக்கோ பாரிசுக்கோ தொடர்விமானம் இருந்தால் அதே நாளில் வைக்காதீர்கள். முதல்நாளே போய்த் தங்குங்கள்.

ஆசனத்தைப் பொறுத்தவரை, குலுக்கம் குறைய வேண்டுமானால் இறக்கைக்கு நேர்கீழே வரும் நடு வரிசைகள். கடைசி வரிசைகளில் இறங்குவது சுலபம், வால் ஆடுவதும் அங்கேதான் கூடுதலாகத் தெரியும். விசிறிக்கு நேராக வரும் முன்வரிசைகளில் இரைச்சல் அதிகம். இரண்டு இரண்டாகத்தான் இருக்கை, நடு ஆசனம் என்று ஒன்று இல்லை. பெல்ற்றை இடுப்பெலும்பின் மேல் படியும்படி தாழ்வாக இறுக்குங்கள். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே. விளக்கு அணைந்தாலும் கழற்ற வேண்டாம், இந்தக் குறுகிய பறப்பில் எழும்பி நடக்க வேண்டிய தேவையும் குறைவு. சூடான தேத்தண்ணி வேண்டாமே. மேல்தட்டு சிறியது, சக்கரப் பெட்டி உள்ளே போகாமல் கீழே எடுக்கப்படலாம். நெல்லிரசப் போத்தலையும் பனங்கட்டிப் பெட்டியையும் தலைக்கு மேலே வைப்பதை நிறுத்துங்கள். தட்டின் கதவு திறந்துகொண்டால் விழுவது பக்கத்து ஆசனத்துப் பிள்ளையின் தலையில். கனமானது முன் ஆசனத்துக்குக் கீழே, அல்லது பதிவுப் பொதியில்.

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மாரிவிடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே கிளம்பு முன் இறக்கையில் உறைவதைத் தடுக்கும் கிளைக்கோல் கலந்த திரவம் பீச்சுவார்கள். அதன் காப்பு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான், பனி கூடினால் இன்னும் குறையும். வரிசை நீண்டால் மறுபடி பீச்ச வேண்டும். திரவமே பீச்சாமல் 2012 ஏப்ரல் 2 இல் ரஷ்யாவின் தியுமெனில் கிளம்பிய ஏ.ரி.ஆர். 72 எழும்பிய சற்று நேரத்தில் விழுந்து 33 பேர் இறந்தார்கள். பலாலியிலும் சென்னையிலும் இந்தக் கட்டமே கிடையாது, தரையில் ஐஸ் கட்டும் குளிர் ஒருநாளும் வராது.

காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலோடு ஒப்பிட்டால், கப்பலில் பொதி கூட, நேரம் ஏறத்தாழ நான்கு மணி. ஆனால் வாடைக்காலக் கடல் கொந்தளிக்கும்போது அது நின்றுவிடும். அந்த மாதங்களில் மிஞ்சுவது விமானம்தான். தொகையாகச் சொன்னால் ஜனவரி முதல் செப்ரெம்பர் வரை ஐந்துக்கு நாலரை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மூன்றரை. குறைத்த புள்ளி விமானத்துக்கோ விமானிக்கோ இல்லை, அந்த மாதத்து வானத்துக்கு. பயண நாளுக்கு முதல்நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் தென்மேற்கு வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று இருந்தால், திகதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று அன்றிரவே விசாரித்து வையுங்கள்.